கப்பலில் வராத மேரி

சின்மயி அந்தக் கல்லைக் கண்டுபிடித்துப் பன்னிரண்டு வாரம் ஆகிவிட்டது. லாசரஸ் அங்கிளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் அவர் மதியச் சாப்பாட்டை முடிக்கிற நேரத்தில், வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்து விழும். எண்பது வயதுக் குரல். ஆங்கிலோ இந்தியர். அறுபது வருஷத்துக்கு முன்னால் பல்லாவரத்தை விட்டுப் போனவர், போன அன்றைக்குப் பேசிய தமிழை அப்படியே ஒரு டப்பாவில் போட்டு மூடி எடுத்துப் போயிருந்தார்.

"இன்னாம்மா சின்மயி, மழை கீதா அங்க? இங்க குளிரு இன்னும் போவல, பேஜார் பண்ணுது. முட்டி ரெண்டும் ஸ்ட்ரைக். கல்லறைக்குப் போனியா? எத்தினி வரிசை முடிஞ்சிது?"

அவள் டைப் செய்வாள். 'போனேன் அங்கிள். மூணாவது வரிசையில முள் நிறைய இருக்கு. அடுத்த வாரம் பாக்கறேன்.'

மூன்றாவது வரிசையில் முள்ளே கிடையாது. அவளே ஜூலை மாதத்தில் வெட்டிப் போட்டிருந்தாள்.

சின்மயிக்கு இருபத்தொன்பது வயது. வேதியியல் படித்தவள். மேடவாக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அபார்ட்மென்ட்காரர்கள் லாரித் தண்ணீரையும் போர் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்து அனுப்புவார்கள். உப்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். தண்ணீரோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை அவளுக்கு ஒத்துப்போனது. வீடு தாம்பரம் சானடோரியத்தில். அம்மா நாகலக்ஷ்மி, அண்ணனுக்குக் குழந்தை பிறந்தபோது "மூணு மாசந்தான்" என்று சொல்லிவிட்டு பெங்களூருக்குப் போனாள். அந்தக் குழந்தை இப்போது எல்.கே.ஜி. போகிறது. வீட்டில் சின்மயியும் ஒரு குக்கரும் மிச்சம். அரை டம்ளர் அரிசி வைத்தால் அடி பிடிக்கிறது, ஒரு டம்ளர் வைத்தால் இரண்டு நாளைக்கு வருகிறது.

பழைய கல்லறைகளைப் படம் எடுத்து, கல்லில் இருப்பதைப் பதிவு செய்யும் இணையதளம் ஒன்று உண்டு. எங்கெங்கோ இருக்கிறவர்கள் தங்கள் முன்னோரின் கல்லைத் தேடித் தரச் சொல்லிக் கேட்பார்கள். அந்தந்த ஊரில் இருக்கும் தொண்டர்கள் போய்த் தேடுவார்கள். சின்மயி அதில் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை நீளமாக இருந்தது. கல்லறைத் தோட்டம் இரண்டு ஸ்டேஷன் தூரத்தில் இருந்தது.

பல்லாவரம் கண்டோன்மென்ட் பக்கம் இருந்த அந்தத் தோட்டத்தில் முன்பாதி இப்போதைய ஆட்களுக்கு. டைல்ஸ் ஒட்டியது, போட்டோ பதித்தது, பிளாஸ்டிக் பூ வைத்தது. பின்பாதி கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்களில் வயதானவர்களையும் உடம்பு முடியாதவர்களையும் ஒரு காலத்தில் பல்லாவரத்தில்தான் கொண்டுவந்து குடிவைத்தார்கள். அவர்களும் அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளும் அங்கே வரிசை வரிசையாகக் கிடந்தார்கள். பின்பாதிக்கு யாரும் வருவதில்லை. மேலே ஐந்து நிமிடத்துக்கு ஒரு விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கும்.

"உசுரோட கீற எங்களையே யாரும் எட்டிப் பாக்கறதில்ல. நீ செத்தவங்களப் பாக்க வாராவாரம் டிக்கெட் எடுத்துகினு வர" என்பார் காவலாளி ஜெபராஜ். ஆனால் அவள் வந்ததும் குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவார். கல்லை நனைத்தால்தான் எழுத்து தெரியும் என்பதை இரண்டாம் வாரமே தெரிந்துகொண்டிருந்தார்.

நனைத்தும் தெரியாத கற்களுக்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பையில் எடுத்து வருவாள். காலை வெயிலை அதில் வாங்கி, கல்லின் மீது பக்கவாட்டில் ஓடவிட வேண்டும். தேய்ந்த பள்ளத்தில் நிழல் விழும். ஒவ்வொரு எழுத்தாக மேலே எழும்பி வரும். ஆய்வுக்கூடத்தில் நிறம் மாறுகிற நிமிடத்துக்குக் காத்திருப்பது போலத்தான். அவசரப்பட்டால் வராது.

லாசரஸ் அங்கிளின் வேண்டுகோள் ஜூன் மாதக் கடைசியில் வந்தது. பெயர், மேரி. கணவன் பீரங்கிப் படை வீரன் தாமஸ் ஹென்லி. இறந்தது பல்லாவரத்தில், 1839 மார்ச் 14. இவ்வளவும் அவர்கள் வீட்டுப் பழைய பைபிளின் முதல் பக்கத்தில் மையால் எழுதியிருந்தது. மற்றதெல்லாம் அவர் வாயால் சொன்னது.

"எங்க குடும்பத்துக்கே அவங்கதாம்மா ஆரம்பம். அயர்லாந்து பொண்ணு. பத்தொம்பது வயசு. ஆறு மாசம் கப்பல்ல வந்திச்சு. மெட்ராஸ்ல அப்ப ஹார்பர் ஏது? கப்பலு ரெண்டு மைல் தள்ளியே நின்னுடும். அங்கேர்ந்து மசூலா படகு. ஆணியே கெடயாது தெரியுமா, கயித்தால தச்ச படகு. மூணு அலை தாண்டணும். முத அலைல தூக்கும், ரெண்டாவதுல சாச்சிடும், மூணாவதுல தொபுக்குனு மணல்ல எறிஞ்சிடும். பாவாடையெல்லாம் நனைஞ்சி, தொப்பி போயி, கரையில எறங்கி நின்னுச்சாம். அப்பக்கூட அழுவலயாம். எங்க தாத்தா இத்த சொல்ல சொல்ல எனக்குக் காலுல தண்ணி படற மாரி இருக்கும்."

அவள் அந்தச் செய்தியை நான்கு முறை கேட்டாள். கேட்கும்போது சாம்பாரைக் கிளற மறந்துவிட்டாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே கல் கிடைத்துவிட்டது. மூன்றாவது வரிசையின் கோடியில், மதிலோரத்தில், குட்டையான கருங்கல். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து ஒரு மணி நேரம் ஆனது. மேரி. தாமஸ் ஹென்லியின் மனைவி. அதே தேதி. வயது இருபத்தாறு. நடுவில் ஒரு வரி மட்டும் பிடிபடவில்லை. அதை வெட்டிய கல்தச்சனுக்கு ஆங்கிலம் தெரியாது போல, எழுத்துகள் ஏறி இறங்கிக் கிடந்தன. குடத்தில் இருந்த மிச்சத் தண்ணீரையும் ஊற்றினாள். வந்தது.

இந்த ஊரில் பிறந்து கிறிஸ்தவளானவள்.

அவள் கண்ணாடியைக் கீழே வைத்தாள். எங்கும் போகாமல் எங்கிருந்தும் வராமல், இங்கேயே பிறந்து இங்கேயே இருபத்தாறு வயதில் போய்ச் சேர்ந்த பெண். அவள் அம்மா அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்பது கல்லில் இல்லை.

கம்பெனி காலத்தில் அது அதிசயமான காரியமும் இல்லை. கப்பலில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொள்வதை ஒரு சமயம் கம்பெனியே ஊக்கப்படுத்தியிருக்கிறது. அதற்குப் பின்னால் வந்த தலைமுறைகள், தோல் வெளுத்த தாத்தாவைச் சுவரில் மாட்டிக்கொண்டு, கறுத்த பாட்டியைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். இதெல்லாம் சின்மயி அந்த வாரம் படித்துத் தெரிந்துகொண்டது. அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அன்று பதினொரு மணிக்கு அவர் குரல் வந்தபோது, 'இன்னும் கிடைக்கல' என்று டைப் செய்தாள். அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படிச் செய்ததாக முதல் வாரம் நினைத்துக்கொண்டாள். இரண்டாம் வாரம் அவர், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் புறா விற்ற கதையைச் சொன்னார். மூன்றாம் வாரம், தாம்பரம் பீச் வண்டியில் டிக்கெட் இல்லாமல் போய் மாட்டிய கதை. நான்காம் வாரம், மனைவி இறந்த பிறகு முட்டை வேகவைக்கக் கற்றுக்கொண்ட கதை. எல்லாச் செய்தியும் "கல்லு கெடச்சிதா?" என்றுதான் முடிந்தது. கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இதற்கு முன்னால் பதினான்கு பேருக்குக் கல் தேடிக் கொடுத்திருக்கிறாள். பதினான்கு பேரும் நன்றி என்று எழுதினார்கள். அதோடு சரி.

அக்டோபர் முதல் வாரம் குரலுக்குப் பதில் ஒரு படம் வந்தது. பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை. அதில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது: மேரி ஹென்லி. அயர்லாந்திலிருந்து கடல் கடந்து மதராஸ் வந்தவர். எங்கள் அனைவரின் தாய்.

அதன் பின்னாலேயே குரல். "எப்டிமா கீது? ஆகஸ்ட்லயே ஆர்டர் குடுத்துட்டேன். பேத்தி எம்மா வரா மெட்ராசுக்கு. கல்லறைத் திருநாளுக்கு முன்னாடி வந்துடுவா. நீ கண்டுபுடிச்சிடுவேன்னு தெரியும். அவ கையாலயே வெச்சிடட்டும். என் பர்த்டேக்கு சர்ச்சுல இருவது பேரு முன்னாடி படிச்சாங்க, எல்லாரும் அழுதுட்டாங்க."

சின்மயி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆகஸ்ட். அவள் ஜூலையில் சொல்லியிருந்தால் இந்தப் பலகையே இருந்திருக்காது.

இரண்டு நாள் அவள் எதுவும் எழுதவில்லை. மூன்றாம் நாள் மதியம், ஆய்வுக்கூடத்தின் மொட்டை மாடியில், காலி கேன்களுக்கு நடுவே நின்றுகொண்டு அவருக்கு போன் செய்தாள். அதுவரை அவள் டைப்தான் செய்திருக்கிறாள். அவள் குரலை அவர் கேட்டதில்லை.

"அங்கிள், நான் சின்மயி பேசறேன்."

"அடேயப்பா. நீ பேசுவியா? நான் ஊமைப் பொண்ணுன்னு நெனச்சிகினு இருந்தேன்." சிரித்தார். "சொல்லும்மா."

"கல் கெடச்சிடுச்சு அங்கிள்."

"இரு, இரு. எம் பொண்ணக் கூப்புடறேன்."

"வேண்டாம் அங்கிள். முதல்ல நீங்க மட்டும் கேளுங்க. கல்லுல இருக்கறத அப்படியே படிக்கறேன்." கையில் தாள் இருந்தது. மனப்பாடமாகவே தெரியும், ஆனாலும் தாளைப் பார்த்துத்தான் படித்தாள். இந்த ஊரில் பிறந்து கிறிஸ்தவளானவள் என்ற இடத்தில் நிறுத்தாமல் கடந்து, வயது வரைக்கும் படித்துவிட்டாள்.

"இந்த ஊருன்னா?"

"பல்லாவரம் அங்கிள்."

"வேற மேரியா இருக்கும். அந்தக் காலத்துல தடுக்கி வுழுந்தா மேரி."

"புருஷன் பேரும் அதேதான் அங்கிள்."

"அவனுக்கு ரெண்டு பொண்டாட்டி இருந்திருக்கும். சோல்ஜரு தானே."

"தேதியும் அதேதான். உங்க பைபிள்ல இருக்கற தேதி."

கீழே லாரி ஒன்று பின்னால் வரும்போது எழுப்பும் சங்கீதத்தோடு உள்ளே வந்துகொண்டிருந்தது.

"எங்க தாத்தா பொய் சொல்லுவாராம்மா?"

"பொய் இல்ல அங்கிள். படகு, அலை எல்லாம் நெஜம்தான். தாமஸ் அப்படித்தானே வந்திருப்பார்."

"பாவாடை நனைஞ்சிதுன்னு சொன்னாரே. தாமஸுக்கு ஏது பாவாடை?"

"அங்கிள், அந்த வரிசையில சாதாரண சிப்பாயோட மனைவிகள்ல கல் இருக்கறது மேரிக்கு மட்டும்தான். மத்தவங்களுக்கு வெறும் மண்ணு. தாமஸ் எப்படியோ கல் வெச்சிருக்கார். எந்த ஊருன்னு மறைக்காம எழுதவும் சொல்லியிருக்கார்."

"ம்."

"அது பெரிய விஷயம் அங்கிள்."

"எப்பக் கண்டுபுடிச்ச?"

பொய் சொல்ல ஒரு நிமிடம் இருந்தது. நேற்று என்று சொல்லியிருக்கலாம். "ஜூலைல" என்றாள்.

"ஜூலைன்னா? நான் புறா கதை சொன்னேனே, அப்பவா?"

"அதுக்கு முந்தின வாரம்."

"அப்ப முள்ளு இருக்குன்னு சொன்னது?"

"முள் இல்ல அங்கிள்."

"நான் ஊரெல்லாம் சொல்லிகினு, பலகை அடிச்சிகினு கீறேன். நீ கல்லத் தெரிஞ்சி வெச்சிகினு சும்மா குந்திகினு இருந்த. ஏம்மா?"

"சொல்லிட்டா நீங்க அப்புறம் பேச மாட்டீங்க."

அவள் வாயிலிருந்து அது வந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது.

"கல்லுக்காவப் பேசறவன், வாராவாரம் மழை கீதான்னு கேப்பானா?" என்றார். கோபமாகக் கூட இல்லை. "வெக்கறேம்மா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எதுவும் வரவில்லை. அவள் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். கல்லின் படத்தையும் எந்த வரிசையில் எத்தனையாவது என்பதையும் அனுப்பினாள். அவர் படித்துவிட்டார் என்று நீல டிக்குகள் விழுந்தன. அதற்கும் அடுத்த ஞாயிறு, இங்கே நல்ல மழை அங்கிள் என்று எழுதி, அனுப்பாமல் அழித்தாள். அம்மா போன் செய்து, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். மழைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். மிளகு ரசம் வைத்துக் குடி என்று சொல்லிவிட்டு, குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாள். ரசம் வைத்தாள். மூன்று நாளைக்கு வந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையிலேயே விழுந்தது. எம்மா வந்தால் வழி காட்டவாவது ஒரு ஆள் வேண்டும் என்று சின்மயி எட்டு மணிக்கே போய்விட்டாள். இரவு பெய்த மழையில் பாதையெல்லாம் சேறு. வாசலில் பூக்கடை, மெழுகுவர்த்திக் கடை. முன்பாதியில் கால் வைக்க இடமில்லை. குடும்பம் குடும்பமாக வந்து கல்லைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு சமாதியின் மேல் டிபன் கேரியர் இருந்தது.

ஜெபராஜ் புதுச் சட்டை போட்டிருந்தார். "லேட்டா வந்துக்கிறியேம்மா. நீ சொன்ன வெள்ளைக்காரப் பொண்ணு நேத்தே வந்துட்டுப் போயிடுச்சி."

"நேத்தா?"

"மத்தியானம். வெள்ளைக்காரி மாரியும் இல்ல, நம்ம கலருதான். கூட ஒரு டிரில்லிங் ஆளு. போன்ல தாத்தாவ வெச்சிகினு, வீடியோவுல எல்லாத்தையும் காட்டிகினே வந்திச்சி."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

அவர் யோசித்தார். யோசித்தது அவளுக்காக என்று தெரிந்தது. "அவசரத்துல இருந்திச்சிம்மா. ஏர்போர்ட் போவணும்னிச்சி."

மூன்றாவது வரிசையின் கோடியில் குட்டைக் கல் அப்படியே இருந்தது. அதில் பலகை இல்லை. ஓட்டை போட்ட அடையாளமும் இல்லை.

"இங்கதான் மொதல்ல நின்னிச்சி" என்றார் பின்னாலேயே வந்த ஜெபராஜ். "ரொம்ப நேரம் நின்னிச்சி. தாத்தா ஒண்ணுமே பேசல, நான் லைன் கட்டாயிடுச்சின்னு நெனச்சேன். அப்புறம் ஏதோ சொன்னாரு. அந்தப் பக்கம் போயிடுச்சி."

அந்தப் பக்கம், நான்கு வரிசை தள்ளி, உயரமான தூண் வைத்த ஒரு கல். கப்பல் தலைவனுக்கோ பெரிய அதிகாரிக்கோ வைத்தது போன்ற கல். எழுத்தெல்லாம் பொரிந்து உதிர்ந்துபோய் எத்தனையோ வருஷம். அவளுடைய கண்ணாடிக்கும் அது வாய் திறந்ததில்லை. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அதன் நெஞ்சில் நான்கு ஸ்குரூ போட்டுப் பித்தளைப் பலகை மின்னியது. அயர்லாந்திலிருந்து கடல் கடந்து மதராஸ் வந்தவர். கீழே ஒரு பூங்கொத்து, கண்ணாடித் தாளைக்கூடப் பிரிக்காமல்.

"பேரில்லாத கல்லாச்சேன்னு நான் கேட்டேன். போன்ல தாத்தா, அதான், அதான்னாரு. குடும்பத்துக்காரங்க சொல்லும்போது நான் இன்னா சொல்றது?" ஜெபராஜை யாரோ வாசலிலிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

சின்மயி பலகையை ஒரு படம் எடுத்தாள். இணையதளத்தின் விதி அப்படி. கல்லில் என்ன இருக்கிறதோ அதை எடுக்க வேண்டும், பதிய வேண்டும், சொந்த அபிப்பிராயம் கூடாது. அவருக்கு அனுப்பலாமா என்று நினைத்தாள். 'நல்லா பொருத்தியிருக்காங்க அங்கிள்' என்று எழுதினால் ஒருவேளை பதினொரு மணிக்குக் குரல் வரும். மூன்றாவது வரிசையில் இருக்கிற மேரியைப் பற்றி இனி இருவரும் பேசாமல் இருந்தால் போதும். மழை, புறா, முட்டி வலி என்று வாரங்கள் போகும். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு விமானம் இறங்கியது. இன்னொன்றும் இறங்கியது. பிறகு போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, மூன்றாவது வரிசைக்கு நடந்தாள்.

அங்கே ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் களைக்கொத்தி, இடுப்பில் சொருகிய புடவை. கல்லறைத் திருநாள் அன்று சமாதி சுத்தம் செய்து கொடுக்க வருகிறவள். முன்பாதியில் வேலை முடிந்து, பின்பாதியில் யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். பேர் கிளியம்மாள் என்று பிறகு சொன்னாள்.

"இந்தாண்ட யாரும் வர மாட்டாங்களே. உன் ஆளு எது கண்ணு?"

சின்மயி குட்டைக் கல்லைக் காட்டினாள். "இது" என்றாள்.

"இதுவா?" கிளியம்மாள் குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தாள். "ரொம்பப் பழசாக் கீதே. உனுக்கு இன்னா வேணும், சொந்தமா?"

"இல்ல. தெரிஞ்சவங்க."

அதில் கிளியம்மாளுக்குச் சந்தேகம் ஏதும் வரவில்லை. சேற்றில் ஒரு பாலித்தீன் பையை விரித்து அதன்மேல் குந்தினாள். மழைக்கு எழும்பியிருந்த புல்லைக் கொத்தாகப் பிடித்துப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"பேரு இன்னா?"

"மேரி."

"எந்த ஊரு?"

"இந்த ஊருதான்" என்றாள் சின்மயி. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள். அங்கே ஏழெட்டுப் பேர் வாளியோடு நின்றிருந்தார்கள். அவளும் போய் வரிசையில் நின்றாள்.